கல்யாண அரிசியா, கடற்கரை மணலா?

நமது மண்ணச்சநல்லூரிலிருந்து சென்ற மாதம் கன்னியாகுமரிக்கு யாத்திரை போய்த் திரும்பிய ஒரு நண்பர், ஊர் வந்ததும் வராததுமாக நம்மிடம் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தோம். கறுப்பும் சிவப்பும் வெளுப்புமாகக் கொஞ்சம் மணல் இருந்தது. "இதென்ன?" என்று கேட்டோம். "மணல் என்று நினைத்துவிடாதீர்கள், அய்யா. அம்மன் கலியாணத்து அரிசி" என்றார்.

இந்த நண்பர் ரைஸ் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தே ஈரம் போதுமா போதாதா என்று சொல்லக்கூடியவர். குருணை எது, நொய் எது, கலப்பு எது என்று கண்ணை மூடிக்கொண்டு கைவிரலால் சொல்லுவார். வியாபாரி எவனாவது ஒரு மூட்டையில் கைப்பிடி கல்லைக் கலந்துவிட்டால் சண்டைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர், கடித்தால் பல்லே போய்விடக்கூடிய ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி என்று சொன்னதும் நமக்குச் சிரிப்பு வரவில்லை; வருத்தமே வந்தது. வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு கண், சாமிக்கு ஒரு கண் என்று மனிதனுக்கு இரண்டு விதக் கண்ணை வைத்துப் பழக்கிவிட்டார்களே என்பதுதான் அந்த வருத்தம்.

கதை என்னவென்றால், குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் கலியாணம் நிச்சயமாயிற்றாம். நடுச்சாமத்தில் முகூர்த்தமாம். மாப்பிள்ளை சுசீந்திரத்திலிருந்து புறப்பட்டு வரும் வழியில் நாரதர் சேவலாக வேஷம் போட்டுக் கூவிவிட்டாராம். விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிற்று என்று மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டாராம். விருந்துக்கென்று குவித்துவைத்த அரிசியும் பருப்பும் சமைப்பாரில்லாமல் கிடந்து மணலாகப் போயிற்றாம்.

முக்காலமும் உணர்ந்தவர் என்று சொல்லப்படுகிற கடவுளுக்கு மணி என்னவென்று தெரியவில்லை. எங்கும் நிறைந்திருப்பவருக்கு ஏழெட்டு மைல் தூரத்தைக் கடக்க முடியவில்லை. நிஜச் சேவல் எது, வேஷச் சேவல் எது என்றும் தெரியவில்லை. அதுதான் போகட்டும். அந்த மாப்பிள்ளையின் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமையில்லாமல் இருந்து, அதற்காக 1926லும் 1930லும் சத்தியாக்கிரகம் செய்யவேண்டி வந்தது. 1936இல் திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகுதான் கதவு திறந்தது. கூவுவது நிஜச் சேவலா என்று பார்க்கத் தெரியாதவர்களுக்கு, வருகிறவன் என்ன ஜாதி என்று பார்க்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

நிற்க. இந்த மணல் உண்மையில் என்ன என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

மலையில் உள்ள பாறைகள் வெயிலிலும் மழையிலும் லட்சக்கணக்கான வருஷங்களாக உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. கடல் அலை அவற்றை மறுபடியும் கரையில் கொண்டுவந்து போடுகிறது. போட்டுவிட்டுத் திரும்பும்போது லேசான மணலை இழுத்துக்கொண்டு, கனமான மணலை விட்டுவிட்டுப் போகிறது. நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைக்கிற வேலைதான் இது. அப்படித் தங்கிய கனத்த மணலில் கறுப்பாயிருப்பது இல்மனைட்டு. சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டுக்கு இதிலிருந்துதான் சத்து எடுக்கிறார்கள். சிவப்பாயிருப்பது கார்னெட்டு, உப்புத்தாளுக்குப் பயன்படுவது. இவற்றோடு கலந்து, தேன் நிறத்தில் கொஞ்சமாகக் கிடப்பது மோனசைட்டு. இந்தக் கொஞ்சத்துக்குத்தான் இன்று உலகத்து வல்லரசுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன.

இதை முதலில் கண்டுகொண்டவன் நம் புராணிகனல்ல, ஒரு ஜெர்மானியன். ஷோம்பெர்க் என்ற ரசாயன நிபுணன், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து கப்பலில் போன தென்னங்கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை 1909இல் சோதித்துப் பார்த்தான். கயிற்றை வாங்கினவனெல்லாம் மணலை உதறிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டான். இவன் ஒருவன் உதறிய மணலைப் பார்த்தான். அடுத்த வருஷமே குளச்சலுக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. 1914இல் யுத்தம் வந்ததும் அவனை ஜெர்மன் வேவுகாரன் என்று சொல்லிச் சிறைப்படுத்தி, வியாபாரத்தை வெள்ளைக்காரக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

அப்போது எதற்காக இந்த மணல்? வெளிச்சத்துக்காக. ஆஸ்திரியா தேசத்து அவர் வான் வெல்ஸ்பாக் என்பவர் 1885இல் காஸ் விளக்குக்கு மேண்டில் கண்டுபிடித்துப் பதிவு செய்து, 1891இல் அதைச் செம்மைப்படுத்தினார். தோரியத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் கலந்து செய்தது அந்த மேண்டில். இரண்டும் மோனசைட்டில் இருப்பவை. நம் ஜில்லாவில் சாமி புறப்பாட்டிலும் கலியாண ஊர்வலத்திலும் காஸ் லைட்டுத் தூக்கியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சாமியின் முகத்தைப் பக்தனுக்குக் காட்டியது சாமியின் ஜோதியல்ல; கடற்கரை மணலில் இருந்து ஒரு நாஸ்திக ரசாயனம் எடுத்துக் கொடுத்த ஜோதி. அந்த விளக்கைத் தலையில் சுமந்தவன் ஏழை. அநேகமாகத் தாழ்த்தப்பட்ட ஜாதியான். வெளிச்சம் ஊருக்கு, சூடு அவன் தலைக்கு. பந்தியில் அவனுக்குக் கடைசி இலை, அதுவும் வெளியே.

சீரியம் போன்ற வஸ்துக்களுக்கு அருமண் என்று பெயர். மொத்தம் 17. "அரு" என்பதைக் கண்டு மிகவும் அரிது என்று எண்ண வேண்டியதில்லை. சீரியம் என்பது பூமியில் ஏறக்குறையச் செம்பு அளவுக்கே இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் குவியலாகக் கிடைக்காது. கிடைத்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. ஸ்வீடனில் இட்டர்பி என்று ஒரு சிற்றூர். அங்கே 1787இல் ஒருவர் ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கினார். 1794இல் கடோலின் என்ற ரசாயன நிபுணர் அதைச் சோதித்தார். பிறகு நூறு வருஷம் போல் ஆள் மாற்றி ஆள் சோதித்துச் சோதித்து, அந்த ஒரு ஊரின் பெயரால் மட்டும் இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு மூலப்பொருள்களுக்குப் பெயர் வந்தது. நம் ஊர்களுக்குத் தலபுராணம் உண்டு. எந்தக் குளத்தில் முழுகினால் எந்தப் பாவம் போகும் என்று அதில் கணக்கும் உண்டு. அந்தக் குளத்து மண்ணில் என்ன இருக்கிறது என்பது மட்டும் எந்தத் தலபுராணத்திலும் இல்லை.

வெள்ளைக்காரர்களும் சாமி பெயர் வைக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். வைத்தார்கள். தோரியம் என்பது தோர் என்கிற அவர்களுடைய பழைய இடிச்சாமியின் பெயர்தான். 1829இல் பெர்சிலியஸ் வைத்தது. பெயரை வைத்தார்களே தவிர, தேங்காய் உடைக்கவில்லை. உடைத்துப் பார்த்ததெல்லாம் கல்லைத்தான்.

இன்றைக்கு மேண்டில் போய்விட்டது, காந்தம் வந்துவிட்டது. நியோடிமியம் என்னும் அருமண்ணை இரும்போடும் போரானோடும் சேர்த்து 1980களின் ஆரம்பத்தில் ஜப்பானியரும் அமெரிக்கரும் தனித்தனியே ஒரு காந்தம் செய்தார்கள். நகத்தளவு இருந்தால் போதும், ஆணியை எட்டியே இழுக்கும். காதில் மாட்டுகிற கருவியிலும், கைப்போன் பேசுகிற பாகத்திலும், மின்சார ஸ்கூட்டர் சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டாரிலும், புதுமாதிரிக் காற்றாலையிலும், போர் விமானத்திலும் இந்தக் காந்தமே இருக்கிறது. பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு உலகம் மாறவேண்டுமானால் இது இல்லாமல் மாறுவது கஷ்டம்.

இது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் மட்டும் சுமார் 1 கோடியே 31 லட்சம் டன் மோனசைட்டு இருப்பதாக அணுசக்தி இலாகாவின் கணக்கு. அதில் ஏறக்குறைய 25 லட்சம் டன் தமிழ்நாட்டில். ஆனால் 2024இல் உலகத்தில் எடுத்த அருமண் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் டன். அதில் சீனா எடுத்தது 2 லட்சத்து 70 ஆயிரம். இந்தியா எடுத்தது 2,900 டன். பிரித்துச் சுத்தி செய்வதிலும் காந்தமாக்குவதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போல் சீனாவின் கையில்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நெல் இருக்கிறது என்பதால் சோறு ஆகிவிடாது. ஊறப்போட்டு, அவித்து, களத்தில் காயவைத்து, உமி நீக்கி, தவிடு தீட்டி, கல் நீக்கி, நிறம் பார்த்துப் பொறுக்கி, அதற்கப்புறம்தான் உலை. நமது நாடு நெல்லை மூட்டை பிடித்து விற்று, எடுப்புச் சாப்பாடு வாங்கித் தின்கிற குடும்பம்போல் இருக்கிறது. மணவாளக்குறிச்சி ஆலையில் நடப்பது கிட்டத்தட்ட நம் மில்லில் நடப்பதே. ஆடும் மேடையில் கனத்துக்குத் தக்கபடி மணல் பிரியும். காந்தத்தால் ஒரு தினுசு, மின்சாரத்தால் ஒரு தினுசு பிரியும். அதுவரை சுலபம். பிறகு மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துத் தோரியத்தைத் தனியே எடுக்கவேண்டும். மிச்சமுள்ள அருமண்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் குணத்தில் ஒத்திருப்பதால், திராவகத்தில் கரைத்து, நூற்றுக்கணக்கான தொட்டிகளில் மாற்றி மாற்றி விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவேண்டும். உண்மையிலேயே துளி வித்தியாசம் உள்ள பொருள்களைப் பிரிக்க ரசாயனக்காரனுக்கு இத்தனை தொட்டி வேண்டியிருக்கிறது. ஒரு வித்தியாசமுமில்லாத மக்களை நாலாகவும் நாலாயிரமாகவும் பிரிக்க மனு தர்மக்காரனுக்கு ஒரு தொட்டிகூட வேண்டியிருக்கவில்லை!

நாம் பிந்தி ஆரம்பித்தோமா என்றால் அதுவுமில்லை. அரசாங்கத்தின் அருமண் கம்பெனி 1950 ஆகஸ்டிலேயே ஏற்பட்டது. ஆலுவாவில் அருமண் ஆலையை 1952இல் நேரு திறந்துவைத்தார். அப்போது சீனத்தில் இந்தத் தொழில் பேருக்குக்கூட இல்லை. அங்கே 1970களில் சூ குவாங்சியன் என்ற பேராசிரியர், கிராமத்தில் வேலைசெய்யத் துரத்தப்பட்டுத் திரும்பிவந்தவர், எத்தனை தொட்டி, எந்தத் தொட்டியில் எவ்வளவு என்கிற கணக்கைச் சரிப்படுத்தினார். அந்தக் கணக்கு ஆலை ஆலையாகப் பரவிற்று. நாம் மணலில் தோரியம் இருக்கிறதென்று எல்லாவற்றையும் அணுசக்தி இலாகாவின் பெட்டிக்குள் பூட்டிவைத்தோம். காந்தம் செய்கிற தொழிலைச் சீந்தவில்லை. மலிவாக வருகிறதே என்று வாங்கினோம். எல்லாக் குறைக்கும் சாமியையே காரணம் சொல்லிவிட்டால் நம் வேலை சுலபமாக முடியும். ஆனால் உண்மை அப்படியில்லை என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. சர்க்கார் இலாகாவும் தன் பங்குக்கு ஒரு கருவறை கட்டிக்கொண்டது என்றுதான் நாம் சொல்லுவோம்.

பலன் 2025 ஏப்ரலில் தெரிந்தது. ஏழு தினுசு அருமண்ணையும் அவற்றில் செய்த காந்தத்தையும் அனுமதியில்லாமல் வெளியே விடுவதில்லை என்று சீனா உத்தரவு போட்டதும், இந்தியாவின் வண்டிக் கம்பெனிகள் உற்பத்தி குறைந்துவிடும் என்று கூக்குரல் இட்டன. நம் பக்கத்துச் சமயபுரத்தில் புது வண்டிகளுக்குப் பூசை போடுவதை நாம் பார்க்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கிற்றே ஒழிய, காந்தம் வந்தபாடில்லை. பிறகுதான் டில்லி சர்க்கார் விழித்துக்கொண்டு, வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அதற்குமுன் விசாகப்பட்டினத்தில் 2023இல் திறந்த சர்க்கார் காந்த ஆலையின் அளவு வருஷத்துக்கு 3,000 கிலோ. கிலோ என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் கரையைத் தோண்டவேண்டியதுதானே? பகுத்தறிவுக்காரராகிய நீங்கள் விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நிற்கலாமா?" என்று ஒரு வாலிபத் தோழர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

கன்னியாகுமரி ஜில்லாவில் கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை முதலிய கிராமங்களை ஒட்டி 1,144 ஹெக்டேர், அதாவது சுமார் 2,800 ஏக்கர், மணல் எடுப்பதற்கென்று திட்டம் போட்டார்கள். அதற்காக 2024 அக்டோபரில் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்பதாகக் கூட்டம் வைத்தார்கள். மீனவர்களும் மற்றவர்களும் பலமாக எதிர்த்தார்கள், கூட்டம் தள்ளிப்போயிற்று. அவர்கள் சொல்லுவது என்ன? மணலை எடுத்தால் கடல் ஊருக்குள் வரும். தூசியால் புற்றுநோய் வரும். வலை உலர்த்த இடமிராது என்பது. தனியார் மணல் எடுத்ததை அவர்கள் மறக்கவில்லை. தென் ஜில்லாக் கரைகளில் அளவுக்குமீறிச் சூறையாடியதாகப் புகார் கிளம்பி 2013இல் தமிழ்நாடு சர்க்கார் தடைபோட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு, கம்பெனிகளிடமிருந்து 5,832 கோடி ரூபாய் வசூலிக்கச் சொன்னதை ஊர்ஜிதம் செய்து, சி.பி.ஐ. விசாரணைக்கும் உத்தரவிட்டது. இதைக் கண்ணால் கண்டவன் மறுபடியும் ஒருவன் மண்வெட்டியோடு வந்தால் நம்புவானா?

ஆனால் நாம் பகுத்தறிவுக்காரர் என்று சொல்லிக்கொள்ளுவதால், நமக்குப் பிடித்த பக்கத்தையும் சோதித்தே பேசவேண்டும். புற்றுநோய் விஷயத்தில் கரை முழுதும் வதந்தி உலாவுகிறது. இதே மணல் நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கான ஜனங்களை அநேக வருஷம் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கையாகக் கிடக்கும் மணலின் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் அதிகமானதாகத் தெரியவில்லை என்பதே அம்முடிவு. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நமக்கும் புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்?

அன்றியும் இதையும் கவனிக்கவேண்டும். கரையில் கிடக்கிற மணல் வேறு. அதைத் தோண்டி, உலர்த்தி, அரைத்துத் தூசியாக்கி, தொழிலாளி மூக்கில் ஏற்றுவது வேறு. தோரியத்தைப் பிரித்து எங்கோ ஒரு பள்ளத்தில் மூடிவைப்பது மற்றொன்று. மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு போல் தோரியம் உண்டு. அது பாதியாகக் குறைய 1,400 கோடி வருஷம் வேண்டும். பிரமனுக்கு ஒரு பகல் 432 கோடி வருஷம் என்று புராணம் சொல்லுகிறது. அப்படியானால் பிரமன் மூன்று பகல் கண்விழித்துக் காவல் காத்தாலும் இது பாதிகூடக் குறையாது. மெதுவாகத்தான் கதிர் விடும். ஆனால் விட்டுக்கொண்டே இருக்கும்.

மலாய் நாட்டில் ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேரா என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். ஈப்போ நம் ஜனங்கள் பிழைக்கப்போன சீமைதான். ஜப்பான் கம்பெனியின் பங்கோடு அங்கே 1980களில் மோனசைட்டிலிருந்து அருமண் எடுத்தார்கள். தோரியக் கழிவைச் சரியாக வைக்கவில்லை. குழந்தைகளுக்கு இரத்தப் புற்று என்று ஊரார் 1985இல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992இல் ஈப்போ ஹைக்கோர்ட்டு ஆலையை மூடச் சொல்லிற்று. 1993இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. என்றாலும் எதிர்ப்புக்கு முன் நிற்கமாட்டாமல் 1994இல் கம்பெனியே மூடிக்கொண்டு போயிற்று. இடத்தைச் சுத்தம் செய்ய மட்டும் சுமார் 10 கோடி டாலர் ஆயிற்று. முதலிலேயே ஊராரைக் கேட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லி, குழியை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அதில் எத்தனை பங்கு மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்க்கவேண்டியவர்கள் பார்க்கட்டும்.

ஆகவே நம் கட்சி, தோண்டவே கூடாது என்பதுமல்ல, தோண்டித்தான் தீரவேண்டும் என்பதுமல்ல. எவ்வளவு ஆழம் தோண்டுவாய்? எடுத்தபின் எந்த மணலைக் கொண்டு நிரப்புவாய்? கடல் அரித்தால் பொறுப்பு யாருடையது? ஒவ்வொரு ஊரிலும் கதிர் அளவு இன்றைக்கு என்ன, மாதாமாதம் என்ன என்று பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதிப்போடுவாயா? தோரியம் எங்கே போகிறது? பிரிக்கிற ஆலையும் காந்த ஆலையும் எந்த ஊரில் வரும்? அதில் கடற்கரைப் பிள்ளைகளுக்கு என்ஜினீயர் உத்தியோகமா, கூடை சுமக்கும் உத்தியோகமா? இவற்றுக்கெல்லாம் பதில் வந்தபிறகே சரி என்பதும் இல்லை என்பதும்.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்று சட்டத்தில் இருந்த ஒரே இடம் அந்த அபிப்பிராயக் கூட்டம். டில்லி சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டு, அணுசக்திக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கங்களுக்கு ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. தேசப் பாதுகாப்பு என்பது காரணம். அதை வாபஸ் வாங்கவேண்டும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் அந்த மாதமே பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

தோழர்களே! இந்த உத்தரவைப் படித்தபோது நமக்குப் பழைய நினைவுதான் வந்தது. கருவறைக்குள் வராதே, உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்காதே, மந்திரத்துக்குப் பொருள் கேட்காதே, தட்சணையை மட்டும் வைத்துவிட்டுப் போ என்றார்கள் அன்று. நிலத்தை வைத்துவிட்டுப் போ என்கிறார்கள் இன்று. அன்றைக்குத் தெய்வம் கோபிக்கும் என்றார்கள். இன்றைக்குத் தேசம் கோபிக்கும் என்கிறார்கள். கேட்டால் பொய் வெளிப்படும் என்பதைத் தவிர, கேள்விக்குப் பயப்படுவதற்கு வேறு காரணம் என்ன இருக்க முடியும்? உண்மையில் அந்தத் திட்டம் நல்ல திட்டமாகவே இருந்தாலுங்கூட, ஜனங்களைக் கேட்காமல் செய்வதாலேயே அதன்மேல் அவநம்பிக்கையைச் சர்க்காரே பூசிவிடுகிறது.

ஜனங்கள் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நமக்கு வழக்கமில்லை. மணவாளக்குறிச்சி ஆலைக்கு அடுத்தாற்போல் மண்டைக்காடு. புற்றை அம்மன் என்று கும்பிடுகிற ஊர். 1982 மார்ச்சில் அங்கே திருவிழாச் சமயத்தில் இந்து என்றும் கிறிஸ்தவன் என்றும் ஒரே கரையில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். போலீஸ் சுட்டதிலும் உயிர்கள் போயின. கலகம் ஊர் ஊராகப் பரவிற்று. விசாரணைக் கமிஷனும் உட்கார்ந்தது. அப்போதும் எழுபது வருஷமாக அந்தக் கரையிலிருந்து மணல் போய்க்கொண்டுதான் இருந்தது. எந்தத் தெய்வத்தின் கரை இது என்று கழுத்தை அறுத்துக்கொண்டவர்களில், எங்கே போகிறது இந்த மணல் என்று சேர்ந்து நின்று கேட்டவர்கள் எத்தனை பேர்? 2024இல் கீழ்மிடாலம் பக்கத்தில் சேர்ந்து நின்றார்கள். நின்றவுடனே ஒரு கூட்டம் தள்ளிப்போயிற்று. அதனால்தான் கூட்டமே வேண்டாம் என்கிற புத்தி மேலிடத்துக்கு வந்தது என்று நாம் சந்தேகிக்கிறோம்.

மணலைத் தொடாமல் அருமண் கிடைக்கும் வழியும் உண்டு. ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் செத்துப்போன கைப்போன், உடைந்த ஸ்பீக்கர், ஓடாத மோட்டார் கிடக்கின்றன. அவற்றிலுள்ள காந்தத்தை எடுத்துக் கரைத்தால் நியோடிமியம் திரும்பக் கிடைக்கும். பழைய சாமான் வாங்க நம் தெருவுக்கு வருகிறவர் இரும்புக்கும் பித்தளைக்கும் விலை சொல்லுகிறார். காந்தத்துக்கு விலை சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வெறுங்கையால் உடைக்கிற அவருடைய விரலையும் நுரையீரலையும் கவனித்து, முறையான ஆலை வைத்து, அவரையே அதில் வேலைக்கு எடுத்துக்கொண்டால் கடற்கரையின் பாரம் கொஞ்சமாவது குறையும். இதனாலேயே முழுத் தேவையும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை.

கடைசியாக அந்தப் பொட்டலத்தைப் பற்றி. உடைந்துபோன ஒரு பாட்டுக் கருவியின் காதுக்குமிழிலிருந்து காந்தத் துண்டு ஒன்றை எடுத்து, மணலை ஒரு தாளில் பரப்பி, தாளுக்கு மேலாக அதைப் பிடித்தோம். கறுப்பு மணி எல்லாம் மயிர்க்கூச்செறிந்ததுபோல் எழுந்து நின்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. மில் நண்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் பார்த்தார். "எங்கள் மில்லிலும் நெல்லில் வருகிற ஆணியைப் பிடிக்கக் காந்தம் வைத்திருக்கிறோம். அரிசி ஒருநாளும் அதில் ஒட்டினதில்லை" என்றார். பிறகு, "இந்தக் காந்தம் எந்த ஊர்?" என்று கேட்டார். கருவியின் அட்டையில் சீனா என்று எழுதியிருந்தது.

மணலும் காந்தமும் நமது வாசகசாலையில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து செய்து பார்க்கலாம். கீழ்மிடாலத்துக் கேள்விகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட இஷ்டமுள்ளவர்கள் போடலாம். மில் நண்பர் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.